மூன்று கதையிலும் கதவு தட்டப்படுகிறது

கேள்வி: ஆறாம் வகுப்பிலிருந்தே எனக்குக் கதைப் பைத்தியம். வாரப் பத்திரிகைத் தொடர்களைப் பிரித்தெடுத்து அம்மா கோணி ஊசியால் தைத்து வைத்திருந்த கட்டுகளைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். இப்போது சிறுகதை எழுதுகிறேன். படிப்பவர்கள் "எங்கேயோ படிச்ச மாதிரி இருக்கே" என்கிறார்கள். எழுதும் காலத்தில் படிப்பதை நிறுத்திவிடலாமா? (ஒரு வாசகி, மேலூர்)

பதில்: நிறுத்தாதீர்கள். நிறுத்தியும் பயனில்லை. பத்து வயதில் படித்தது எப்போதோ உள்ளே போய் உட்கார்ந்தாயிற்று.

நீங்கள் அனுப்பிய மூன்று கதைகளையும் படித்தேன். வார்த்தைகள் உங்களுடையவைதான். மாட்டுச் சந்தையில் தரகர் துண்டுக்குள் கைவிட்டு, விரலைப் பிடித்து விலை பேசும் இடத்தை நேரில் பார்த்தவர்தான் எழுத முடியும். இரவல் இருப்பது அமைப்பில். மூன்று கதையிலும் முக்கியமான கட்டத்தில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள்! தொடர்கதைக்கு அது தேவை. அடுத்த வாரமும் வாசகர் கடைக்கு வந்து பத்திரிகை வாங்க வேண்டுமே. சிறுகதைக்கு ஏது அடுத்த வாரம்?

சின்ன வயதில் படித்ததில் வார்த்தைகள் மறந்துபோகும். ஆளை எப்போது உள்ளே விடுவது, எங்கே நிறுத்துவது என்கிற பழக்கம் மட்டும் கையில் தங்கிவிடும். எனக்கும் இந்த வியாதி உண்டு. வாடகை நூலகத்தில் நான் எடுத்த நாவல்களில் பாதிக்குக் கடைசிப் பக்கங்கள் இருக்காது. முடிவை நானே கட்டிக்கொள்வேன். இன்றும் கதை அனுப்பினால், "சார், கடைசிப் பக்கம் வரலையே" என்று பத்திரிகையிலிருந்து போன் வருகிறது.

வத்தலக்குண்டில் வளர்ந்த சி.சு. செல்லப்பாவைப் பாருங்கள். 'எழுத்து' இதழ் நடத்தியவர், விமர்சகர். அவர் படிக்காததா? ஆனால் அவருடைய 'வாடிவாசல்' குறுநாவல் ஒரே ஜல்லிக்கட்டுத் திடலை விட்டு வெளியே போவதில்லை. ஆட்கள் பேசுவது நம் பக்கத்துப் பேச்சு. அந்தக் கச்சிதம், நிறையப் படித்தவருக்கு வருகிற கச்சிதம் என்றே நான் நினைக்கிறேன்.

சரி, என்ன செய்யலாம்? அம்மாவின் கட்டிலிருந்து ஓர் அத்தியாயத்தை எடுத்துப் பென்சிலோடு உட்காருங்கள். கடைசி வரியை விட்டுவிட்டு நடுப்பகுதியைக் கவனியுங்கள். ஒரு வாரத்தில் வாசகர் மறந்துவிடுவார் என்பதால், பாத்திரத்தை ஒரே வரியில் நினைவுபடுத்துவதில் தொடர்கதைக்காரர்கள் கில்லாடிகள். அந்தத் திறமை உங்களிடமும் இருக்கிறது, அதை விடாதீர்கள்.

அப்புறம், கொஞ்ச நாளைக்குச் சிறுகதைத் தொகுப்புகளாகப் படியுங்கள். மதுரை புது நத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் உங்களுக்கு அதிக தூரமில்லை. ஒவ்வொரு கதையிலும் கடைசிப் பத்தியை மறைத்துக்கொண்டு, அது இல்லாமலே கதை நிற்கிறதா என்று பாருங்கள்.

சந்தைக் கதையில் இரவு பத்து மணிக்கு வரும் போலீஸ்காரர் வேண்டவே வேண்டாம். விலை படியாமல் தரகர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்கிறாரே, அங்கேயே நிறுத்திப் பாருங்கள்.