பேஸ்பால் ஊக்கமருந்துத் தடைகள்: கேட்டவையும் சொன்னவையும்

மேஜர் லீக் பேஸ்பாலில் ஊக்கமருந்து எடுத்துச் சிக்கிய வீரர்களைப் பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என்னால் முடிந்த பதில்கள் இவை. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: நான் கிரிக்கெட் மட்டும் பார்க்கிறவன் சார். பேஸ்பாலில் மருந்து போட்டு மாட்டினால் எத்தனை நாள் தடை?

தடை ஆட்டக் கணக்கில் வரும். ஒரு சீசனில் ஓர் அணிக்கு 162 ஆட்டங்கள். முதல் முறை சிக்கினால் 80 ஆட்டம், இரண்டாம் முறை 162, மூன்றாம் முறை ஆயுள் தடை. தடைக் காலத்துக்குச் சம்பளம் கிடையாது. அந்த ஆண்டு அணி பிளேஆஃப் போனாலும் ஆட முடியாது. 2014 மார்ச்சில் வந்த கணக்கு இது. அதற்கு முன்பு 50, 100, ஆயுள்.

ஒலிம்பிக் வீரர் வேண்டுமென்றே ஸ்டீராய்டு எடுத்தால் 4 ஆண்டு. இங்கே அரை சீசன்தான். காரணம் எளிது. இந்தத் தண்டனையை எந்த உலக அமைப்பும் விதிப்பதில்லை. அணி முதலாளிகளும் வீரர்கள் சங்கமும் எதிரெதிரே உட்கார்ந்து, சம்பளம் பேசுகிற மாதிரியே இதையும் பேரம் பேசி எழுதிக்கொள்கிறார்கள். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை இதில்தான் இருக்கிறது.

கேள்வி: பாரி பாண்ட்ஸ் ஊக்கமருந்துக்காக ஒரு நாள்கூடத் தடை வாங்கவில்லை என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். ஹோம் ரன் என்பது கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி. அவர் ஒரே சீசனில் அடித்தது 73 (2001), மொத்தம் 762. இரண்டுமே இன்றுவரை சாதனை. இவ்வளவு பேச்சு அடிபட்டும் தடை ஏன் இல்லை என்றால், வரிசையாகப் பாருங்கள்.

1991-இல் லீகின் தலைவரான கமிஷனர் ஃபே வின்சென்ட் ஸ்டீராய்டு கூடாது என்று அணிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். சோதனை ஏதும் இல்லை. சங்கம் ஒப்புக்கொள்ளாத விதியை வைத்து யாரையும் பிடிக்க முடியாது. 1994-இல் வீரர்கள் வேலைநிறுத்தம், சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரே ரத்து, ரசிகர்கள் வெறுத்துப்போனார்கள். 1998-இல் மார்க் மக்வயர் 70, சாமி சோசா 66 என்று அடித்துத் தள்ளியபோது மைதானங்கள் மறுபடி நிரம்பின. கல்லா நிரம்பும்போது யார் மருந்துப் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள்?

2002-இல் கென் காமினிடி, 1996-இல் நேஷனல் லீகின் (மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்று) மிகச்சிறந்த வீரர் விருது வாங்கியவர், அந்த ஆண்டு ஸ்டீராய்டு எடுத்ததைப் பத்திரிகையில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அரசியல்வாதிகளும் நெருக்க, சங்கம் கொஞ்சம் இறங்கி வந்தது. 2003-இல் பெயர் வெளியிடாத சோதனை, அதில் 5 சதவீதத்துக்கு மேல் சிக்கினால் அடுத்த ஆண்டிலிருந்து தண்டனையோடு சோதனை என்று உடன்பாடு. 5 சதவீதத்தைத் தாண்டியது. ஆனால் 2004-இல் முதல் முறை சிக்கியவருக்குச் சிகிச்சை மட்டும்தான், பெயர்கூட வெளியே வராது. 2005-இல்தான் முதல் முறைக்கு 10 நாள் தடை என்று ஆனது.

அதாவது பாண்ட்ஸ் 73 அடித்த ஆண்டில் சோதனையே கிடையாது. பிறகு பால்கோ வழக்கில் அவர் பெயர் வந்தது. சான் ஃபிரான்சிஸ்கோ பக்கத்தில் விக்டர் கான்டே நடத்திய நிறுவனம் அது. அப்போதைய சோதனைகளில் தெரியாதபடி வடிவமைத்த ஸ்டீராய்டை 'தி கிளியர்' என்ற பெயரில் கொடுத்தார்கள். மருந்து ஒட்டியிருந்த ஒரு சிரிஞ்சை ஒரு தடகளப் பயிற்சியாளர் அதிகாரிகளுக்கு அனுப்பி வைத்த பிறகே லாஸ் ஏஞ்சலஸ் ஆய்வகம் அதைக் கண்டுபிடித்தது. பாண்ட்ஸ் வழக்கை விசாரித்த கிராண்ட் ஜூரி குழுவிடம், தான் பூசியதும் குடித்ததும் மூட்டுவலித் தைலமும் ஆளிவிதை எண்ணெயும் என்றே நினைத்ததாகச் சொன்னார். 2011-இல் நீதிக்கு இடையூறு செய்ததாகத் தீர்ப்பு, 2015-இல் மேல்முறையீட்டில் அதுவும் ரத்து.

அவருக்குக் கிடைத்த தண்டனை வேறு இடத்தில். பெரும் வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போக பேஸ்பால் எழுத்தாளர்களின் 75 சதவீத ஓட்டு வேண்டும். அந்த ஓட்டில் பத்தாவது, கடைசி வாய்ப்பான 2022-இல் அவருக்கு 66 சதவீதம்.

கேள்வி: மக்வயர் லாக்கரில் இருந்த பாட்டில் கதை என்ன?

1998 ஆகஸ்டில் ஒரு செய்தியாளர் அவர் லாக்கரில் ஆண்ட்ரோஸ்டெனிடியோன் (உடம்புக்குள் போய் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனாக மாறும் பொருள்) பாட்டிலைப் பார்த்து எழுதினார். அப்போது அது அமெரிக்கக் கடைகளில் சத்து மாத்திரை வரிசையில் சும்மா கிடைத்தது. ஒலிம்பிக்கில் தடை, அமெரிக்கக் கால்பந்தில் தடை, பேஸ்பாலில் தடை இல்லை. திட்டு வாங்கியது அந்தச் செய்தியாளர்தான். 2010 ஜனவரியில் மக்வயரே, 1998 உட்படப் பல ஆண்டுகள் ஸ்டீராய்டு எடுத்தேன் என்று ஒப்புக்கொண்டார்.

கேள்வி: விரலை நீட்டிப் பேசிவிட்டு மாட்டிக்கொண்டவர் யார்?

ரஃபேல் பல்மேரோ. 2005 மார்ச் 17, நாடாளுமன்றக் குழு முன்னால் சத்தியப் பிரமாணம் செய்துவிட்டு, ஆள்காட்டி விரலை நீட்டி, ஸ்டீராய்டைத் தொட்டதே இல்லை என்றார். ஜூலையில் 3,000-ஆவது ஹிட் (பந்தை அடித்து முதல் பேஸையாவது எட்டுவது). ஆகஸ்ட் 1-ஆம் தேதி ஸ்டனோசொலோல் என்ற ஸ்டீராய்டுக்காக 10 நாள் தடை. சக வீரர் கொடுத்த பி12 ஊசியில் கலந்திருக்கலாம் என்று சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. அந்த சீசனுக்குப் பிறகு அவர் மேஜர் லீகில் ஆடவே இல்லை.

கேள்வி: ரயன் பிரான் தப்பித்தது கூரியர் தாமதத்தால் என்று படித்தேன். அதெப்படி அண்ணா முடியும்?

எனக்கு மிகவும் பிடித்த வழக்கு இது, கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். 2011 அக்டோபர் 1, சனிக்கிழமை, மில்வாக்கியில் பிளேஆஃப் ஆட்டம். ஆட்டம் முடிந்ததும் மில்வாக்கி அணி வீரர் பிரானிடம் சிறுநீர் மாதிரி எடுக்கிறார்கள். வீரர் கண் முன்னாலேயே புட்டிக்கு முத்திரை, பெட்டிக்கு முத்திரை, கையெழுத்து, எல்லாம் முறைப்படி. அன்றே கூரியரில் மான்ட்ரியல் ஆய்வகத்துக்குப் போயிருக்க வேண்டும். மாதிரி எடுத்தவர், இந்த நேரத்துக்கு மேல் கொடுத்தாலும் திங்கள்தானே கிளம்பும், கூரியர் கடையில் கிடப்பதற்குப் பதில் நம்மிடம் இருக்கட்டும் என்று வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். திங்கட்கிழமை அனுப்பினார். ஆய்வகத்துக்கு வந்தபோது முத்திரைகள் அப்படியே இருந்தன. சோதித்தால் டெஸ்டோஸ்டிரோன் எகிறியிருந்தது.

அந்த நவம்பரில் பிரானுக்கு மிகச்சிறந்த வீரர் விருது. டிசம்பரில் விஷயம் கசிந்தது. முறையீட்டில் மூவர் குழு: சங்கத்துக்கு ஒருவர், லீகுக்கு ஒருவர், நடுவில் மத்தியஸ்தர் ஷியாம் தாஸ். 2012 பிப்ரவரியில் 2-1 என்று பிரான் பக்கம் தீர்ப்பு. மாதிரி கெட்டுப்போனது என்று யாரும் நிரூபிக்கவில்லை. அன்றே அனுப்ப வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்கிறது, அனுப்பவில்லை, அவ்வளவுதான். அந்த மே மாதம் லீக் தாஸை வேலையிலிருந்து நீக்கியது. என்னைக் கேட்டால் தீர்ப்பு சரி. நடைமுறையை மதிக்காத சோதனையை வைத்து ஒருவர் பெயரைக் கெடுக்கக் கூடாது.

சரியில்லாதது பிரான் அதற்குப் பிறகு செய்தது. செய்தியாளர்களைக் கூட்டி, மாதிரி எடுத்தவர் மேல் சந்தேகம் வரும்படி பேசினார். 2013 ஜூலையில் வேறு ஆதாரத்தோடு லீக் வந்தபோது 65 ஆட்டத் தடையைப் பேசாமல் வாங்கிக்கொண்டு, பிறகு அந்த மனிதரிடம் மன்னிப்பும் கேட்டார். 2011 விருது இன்னும் அவரிடமே இருக்கிறது.

கேள்வி: அந்த வேறு ஆதாரம் என்ன? சோதனையில் சிக்காமலே தடை போட முடியுமா?

முடியும். வாங்கியதற்கோ பயன்படுத்தியதற்கோ வேறு சாட்சி இருந்தால் போதும். ஃபுளோரிடாவில் கோரல் கேபிள்ஸில் பயோஜெனிசிஸ் என்றொரு கிளினிக். நடத்திய டோனி பாஷ் மருத்துவரே அல்ல. காசுத் தகராறில் ஒருவர் அவருடைய நோட்டுப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு போய் மயாமி நியூ டைம்ஸ் பத்திரிகையிடம் கொடுத்தார். 2013 ஜனவரியில் வெடித்தது. ஆகஸ்ட் 5-ஆம் தேதி ஒரே நாளில் 13 பேருக்குத் தடை. பன்னிரண்டு பேருக்குத் தலா 50 ஆட்டம், அலெக்ஸ் ரோட்ரிகஸுக்கு 211. மற்றவர்கள் ஒப்புக்கொண்டார்கள், ரோட்ரிகஸ் மட்டும் முறையிட்டார். அது 162 ஆகக் குறைந்து 2014 முழுவதும் வீட்டில். பாஷ் சொன்னபடி, ஆட்டத்துக்குக் கொஞ்சம் முன்பு நாக்கில் கரைகிற டெஸ்டோஸ்டிரோன் மிட்டாய் கொடுப்பார்கள். அளவு சிறியது, சீக்கிரம் உடம்பை விட்டுப் போய்விடும். சோதனையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த மிட்டாயே போதும். பாஷுக்கு 4 ஆண்டு சிறை.

கேள்வி: ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியர் படர்தாமரைக்கு மருந்து போட்டதால் மாட்டினேன் என்றாரே, நம்பலாமா?

2022 ஆகஸ்ட் 12, குளோஸ்டிபோல் என்ற ஸ்டீராய்டு, 80 ஆட்டம். 14 ஆண்டுக்கு 340 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்ட மறு ஆண்டு. மணிக்கட்டு முறிவு ஆறி, அணிக்குத் திரும்பும் நேரம் வேறு. குளோஸ்டிபோல் சில நாடுகளில் தோல் மருந்துகளில் இருப்பது உண்மை. டென்னிஸ் வீரர் ஜானிக் சின்னர் விவகாரமும் இதே பொருள்தான், மசாஜ் செய்தவர் கை வழியாக. ஆகவே நடக்கவே முடியாத கதை என்று சொல்ல மாட்டேன். உடம்பில் என்ன இருந்தாலும் பொறுப்பு வீரருடையது, தன் தவறு துளியும் இல்லை என்று காட்ட வேண்டியதும் அவரே. டாட்டிஸ் முதலில் முறையிட்டார், பிறகு அதைக் கைவிட்டுத் தடையை ஏற்றுக்கொண்டார்.

கேள்வி: ஷேன் வார்ன் 2003-இல் மாட்டியது போல் இங்கே யாராவது?

ராபின்சன் கனோ. வார்ன் அன்று உடம்பு நீரை வெளியேற்றும் மாத்திரையால் உலகக் கோப்பையை இழந்தார், அம்மா கொடுத்தது என்றார். கனோ 2018 மே மாதம் ஃப்யூரோசமைடுக்காக 80 ஆட்டம். நம் ஊரில் கால் வீக்கத்துக்கு எழுதிக் கொடுக்கும் லாசிக்ஸ்தான் அது. தன்னளவில் பலம் தராது, வேறு மருந்தை மறைக்க உதவும். டொமினிகன் குடியரசில் மருத்துவர் கொடுத்தது என்று கனோ சொன்னபோது பலர் பாவம் என்றார்கள். 2020 நவம்பரில் ஸ்டனோசொலோலோடு மறுபடி சிக்கினார். 2021 முழுக்கப் போச்சு, கூடவே 24 மில்லியன் டாலர் சம்பளம். அதன்பின் பாவம் என்றவர்களைக் காணோம்.

கேள்வி: ஆயுள் தடை யாருக்காவது?

ஊக்கமருந்துக்காக ஒருவருக்கே: நியூயார்க் மெட்ஸ் அணியின் பிட்சர் (பந்து எறிபவர்) ஹென்ரி மெஹியா. 2015 ஏப்ரலில் 80, அதே ஜூலையில் 162, 2016 பிப்ரவரியில் ஆயுள். பத்து மாதத்தில் மூன்று முறை. 2018-இல் கமிஷனர் நிபந்தனையோடு திரும்ப அனுமதித்தார்.

கேள்வி: சிக்குகிறவர்களில் டொமினிகன் பெயர்களே அதிகம் தெரிகிறதே?

நான் மேலே சொன்னவர்களிலேயே கனோ, மெஹியா, டாட்டிஸ் அந்த நாட்டுக்காரர்கள். இதை இனத்தின் தலையில் கட்டிவிட வேண்டாம். அங்கே ஒரு பையன் 16 வயதில் ஒப்பந்தம் போடலாம். அதற்குப் பல ஆண்டு முன்பே அவனைச் சாப்பாடு போட்டு வளர்க்கும் தரகர் ஒருவர் இருப்பார், ஒப்பந்தப் பணத்தில் அவருக்குப் பெரிய பங்கு. பையன் எறியும் பந்து மணிக்கு இரண்டு மைல் கூடினால் குடும்பத்தின் கடன் அடையும். ஊசி யார் யோசனை என்று கேட்க அந்த வயதுப் பையனால் முடியுமா? சோதனையும் முதலில் வந்தது இந்த ஏழைப் பையன்கள் ஆடும் கீழ்நிலை லீகுகளில்தான், 2001-இல். அவர்களுக்கு அன்று சங்கம் இல்லை, கமிஷனர் சொன்னால் சட்டம். கோடீஸ்வர வீரர்களுக்குத் தண்டனையோடு சோதனை வர இன்னும் மூன்று ஆண்டு ஆயிற்று.

கேள்வி: மருந்து போட்டால் பந்து தானாகப் பறக்குமா?

பறக்காது. பந்தைக் கண்டுபிடிக்கும் கண்ணையும் நேரக் கணிப்பையும் எந்த ஊசியும் தராது. ஆறு மாதத்தில் 162 ஆட்டம், இரவு விமானம், மறுநாள் மதியம் மறுபடி ஆட்டம். ஆகஸ்டில் உடம்பு ஓய்ந்துபோகும்போது ஏப்ரல் மாத உடம்போடு நிற்க வைப்பதே பெரிய லாபம். அதனால்தான் ஸ்டீராய்டுக்கு முந்தைய தலைமுறைகள் விழிப்பு மாத்திரையை விழுங்கின. அதற்குத் தடை 2006-இல்தான்.

கேள்வி: தடை முடிந்து வந்தால் எந்த அணி சேர்க்கும்?

போட்டி போட்டுச் சேர்க்கும். பயோஜெனிசிஸில் 50 ஆட்டம் உட்கார்ந்த ஜானி பெரால்டாவுக்கு அதே 2013 நவம்பரில் 4 ஆண்டுக்கு 53 மில்லியன் டாலர். சுத்தமாக ஆடிய வீரர்களே கொதித்தார்கள். 2014-இல் தண்டனை கூடியதற்கு அந்தக் கோபமும் ஒரு காரணம். இருக்கும் ஒப்பந்தத்தை மருந்தைக் காட்டி அணி ரத்து செய்யவும் முடியாது, சங்கம் அதை விட்டுக்கொடுக்கவில்லை.

கேள்வி: நீங்கள் கேட்டதிலேயே சிரிப்பான சாக்கு?

மெல்கி கப்ரேரா, சந்தேகமே இல்லை. 2012-இல், சிறந்த வீரர்களைத் திரட்டி நடத்தும் ஆல்-ஸ்டார் ஆட்டத்தின் நாயகன். சான் ஃபிரான்சிஸ்கோவுக்காக 0.346 பேட்டிங் சராசரி. ஆகஸ்டில் டெஸ்டோஸ்டிரோன், 50 ஆட்டம். அவருடைய ஆள் ஒருவர் பத்தாயிரம் டாலருக்கு ஓர் இணையதளத்தை வாங்கி, அதில் இல்லாத கிரீம் ஒன்றை விற்பதாகப் போட்டு, இதைத் தெரியாமல் பூசிவிட்டார் என்று காட்டப் பார்த்தார். லீகின் புலனாய்வாளர்கள் அந்தத் தளம் எப்போது, யாரால் வாங்கப்பட்டது என்று தேடினார்கள், கதை முடிந்தது. தடையில் இருந்தபடியே, அதிக சராசரிக்கான பேட்டிங் பட்டம் வேறு கப்ரேராவுக்கு விழ இருந்தது. தகுதிக்கு 502 முறை பேட் பிடித்திருக்க வேண்டும், அவருடையது 501. ஹிட் இல்லாத ஒரு முறையைக் கணக்கில் கூட்டிக்கொள்ள விதி இருந்தது. வேண்டாம், என்னை நீக்கிவிடுங்கள் என்று அவரே கேட்டுக்கொண்டார், 0.336 அடித்த சக வீரர் பஸ்டர் போசிக்குப் போனது. கப்ரேராவை அந்த நவம்பரிலேயே டொரான்டோ அணி 2 ஆண்டுக்கு 16 மில்லியன் டாலர் கொடுத்து எடுத்துக்கொண்டது.