லீவர் உரசுகிறது என்பதற்காக அரத்தை எடுக்காதீர்கள்

கேள்வி: யீஷூனில் வசிக்கிறேன். ஆஸ்திரேலியாவில் டூவூம்பா பக்கம் இருக்கும் என் மச்சானிடம் உரிமத்துடன் ஒரு .22 லீவர் ரைஃபிள் (கைப்பிடியான லீவரை இறக்கி ஏற்றித் தோட்டா மாற்றும் வகை) இருக்கிறது. வருஷா வருஷம் டிசம்பரில் போகும்போது, அவருடைய சங்கத்தின் சுடுதளத்தில் அவர் பக்கத்திலிருக்க நானும் சுடுகிறேன். லீவர் கரகரவென்று உரசுகிறது, அதை இறக்கி ஏற்றும் வீச்சும் நீளமாக இருக்கிறது. இணையத்தில் ஒருவர் வீச்சைக் குறைக்கும் ‘செட்’ விற்கிறார். சிங்கப்பூருக்கே அனுப்பித் தருவாராம். வாங்கிக்கொண்டு போகலாமா? அல்லது மச்சான் இங்கே வரும்போது தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் போல்ட்டை மட்டும் கழற்றி எடுத்து வந்தால், சுங்கை காடுட்டில் தெரிந்த பட்டறையில் பாலீஷ் போட்டுக் கொடுத்துவிடலாமா?

பதில்: கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கூடாது. போல்ட் மட்டுமல்ல, ஒரு ஸ்பிரிங்கூட இங்கே வர வேண்டாம்.

நம் ஊர் ஆயுதக் குற்றங்கள் சட்டத்தில் துப்பாக்கி என்ற சொல்லுக்குள் அதன் பாகமும் அடங்கும். உரிமமில்லாமல் வைத்திருந்தால் குறைந்தது 5 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு சிறை, அதோடு குறைந்தது 6 பிரம்படி. இது போதாதென்று 2021இல் நிறைவேறிய துப்பாக்கி, வெடிபொருள், ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டம் வேறு இருக்கிறது. இறக்குமதிக்கும் பழுதுபார்ப்புக்கும் தனித்தனியே உரிமம் கேட்கும். கைத்துப்பாக்கி வடிவில் இருக்கும் சிகரெட் லைட்டரையே உள்ளே விடாத ஊர் இது. “போல்ட் மட்டும்தானே, குழல் அங்கேயே இருக்கிறதே” என்று சாங்கியில் நின்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது. உங்கள் பட்டறைக்காரரும் உங்களோடு சேர்ந்து மாட்டிக்கொள்வார். பாவம், அவருக்கு அது என்ன சாமான் என்றே தெரியாது.

அடுத்து அந்த விற்பனையாளர். இப்படி ஆட்களைப் பல வருஷமாகப் பார்த்துவருகிறேன். “மெஷின் ஸ்பேர் என்று எழுதி அனுப்பிவிடுகிறேன், யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள்” என்பார்கள். பொட்டலத்தில் இருக்கப்போவது உங்கள் பெயர், உங்கள் புளோக் எண், உங்கள் யூனிட் எண். பொய் எழுதியவர் வேறு நாட்டில் இருப்பார், பணமும் அவர் கைக்குப் போயிருக்கும். இடையில் சரக்கு மாற்றி அனுப்பும் ஏஜென்ட் “நாங்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வோம்” என்று சொன்னால், அந்த வாக்கியத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆட்களுக்கு வழி எப்படிக் கிடைக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ராணுவத்தில் ஆயுதப் பராமரிப்பில் இருந்துவிட்டு வந்து, இப்போது போட்டித் துப்பாக்கிகளைப் பார்த்துக்கொள்கிறேன். உரிமம், பதிவு, ஆயுதக் கிடங்கு எல்லாம் முறையாக இருக்கும் இடத்திலேயே, ஒரு வெள்ளி நாணயத்தின் எடைகூட இல்லாத ஸ்பிரிங்குக்காகப் படிவத்துக்கு மேல் படிவம் எழுதி, எந்தப் பாகம் எந்த வகை என்று கேட்டுக் கேட்டு, போட்டியே முடிந்துபோன பிறகு அனுமதி வாங்கியிருக்கிறேன். கட்டுப்பாடு வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது. ஆனால் எந்தப் பாகத்துக்கு எந்த அனுமதி என்பதைச் சாதாரண மனிதனுக்குப் புரிகிற மாதிரி ஒரே பக்கத்தில் எழுதிவைக்க என்ன தடை? கேட்டால் பதில் கிடைக்காத இடத்தில்தான் இடைத்தரகன் கடை போடுகிறான். இதை வருஷக்கணக்காகச் சொல்லிவருகிறேன்.

இனி துப்பாக்கிக்கு வருகிறேன். உரசலும் வீச்சின் நீளமும் ஒரே குறை என்று நினைக்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு. உரசலைப் போக்கலாம். நீளம் குறையே அல்ல.

பொதுவாக .22 தோட்டாவின் ஈயக் குண்டு மேலே மெழுகோ கிரீஸோ பூசி வரும். ஒவ்வொரு முறை சுடும்போதும் அந்த மெழுகும் ஈயத்தூளும் கரியும் சேர்ந்து பின்பக்கம் வந்து படிகின்றன. பல வருஷம் போனால் போல்ட் ஓடும் தடத்திலும் தோட்டாவைத் தூக்கிக்கொடுக்கும் பலகையின் ஓரத்திலும் கறுப்பு மெழுகுப் பசை ஏறிவிடும். அதன் மேல் எண்ணெய் விட்டால் அது குழம்பாகிறது, பண்ணைத் தூசியும் சேர்ந்தால் உலோகத்தைத் தேய்க்கும் பசை. “லீவர் கெட்டுவிட்டது” என்று என்னிடம் வந்தவற்றில் பெரும்பாலானவை பழைய பல் துலக்கும் பிரஷ், கரைப்பான், பஞ்சு, பல்குச்சி இவற்றாலேயே சரியாகிவிட்டன. மச்சானுடையது மார்லின் 39ஏ என்றால் வேலை இன்னும் சுலபம். பக்கத்தில் இருக்கும் பெரிய தலைத் திருகாணியை நாணயத்தாலேயே திருப்பிவிடலாம், துப்பாக்கி இரண்டாகப் பிரிந்துவிடும். மற்றவற்றில் திருகாணிகள் அதிகம். திருகாணித் தலையின் பள்ளத்தை முழுதாக நிறைக்கும் ஸ்குரூடிரைவர் இல்லையென்றால் தொடவே வேண்டாம்.

சுத்தம் செய்த பிறகும் உரசினால், எங்கே உரசுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். முதலில் தோட்டா அடுக்கும் குழாயில் இருக்கும் தோட்டாக்கள் அத்தனையையும் வெளியே எடுங்கள். லீவரை மூன்று நான்கு முறை இயக்குங்கள். தோட்டா உட்காரும் அறையான சேம்பருக்குள் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரல் நுனியாலும் தொட்டுப் பாருங்கள். தோட்டா டப்பா பக்கத்து அறையில் இருக்கட்டும். பிறகு ஊசியை அடிக்கும் சுத்தியலான ஹேமரைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்திவிட்டு லீவரைத் திறந்து மூடுங்கள். இப்போது வழவழவென்று போனால், நீங்கள் உணர்ந்த கனம் உரசலே அல்ல. லீவரைத் திறக்கும்போது போல்ட் ஹேமரைச் சாய்த்து அதன் ஸ்பிரிங்கை அமுக்குகிறது. அந்தக் கனம்தான் உங்கள் கையில் ஏறுகிறது. ஹேமர் பின்னால் நின்றபோதும் கரகரத்தால்தான் அது உண்மையான உரசல்.

அப்படியானால் உரசும் முகங்களில் மார்க்கர் மையைத் தடவி, ஐம்பது முறை இயக்கிப் பாருங்கள். மை அழிந்த இடம்தான் உரசும் இடம். அங்கே மட்டும், 1000 எண் எமரித் தாளைத் தட்டையான மரத்துண்டில் சுற்றி, எண்ணெய் விட்டு, பளபளப்பு வரும்வரை நாலு இழுப்பு போதும். மூலைகளை உருட்டிவிடாதீர்கள். சில துப்பாக்கிகளின் உடல் துத்தநாகக் கலவையில் இருக்கும். அது மிருதுவானது, அங்கே எமரியே வேண்டாம். கடைசியில் மெல்லிய கிரீஸைப் பொட்டு வைக்கிற அளவு வையுங்கள். இதையும் நீங்கள் தனியாகச் செய்யாதீர்கள். துப்பாக்கி மச்சானுடையது, உரிமமும் அவருடையது. அவர் வீட்டில், அவர் கையால் நடக்கட்டும். தயங்கினால் குவீன்ஸ்லாந்தில் இந்தத் தொழிலுக்கே உரிமம் பெற்ற ஆயுதப் பழுதுபார்ப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கொடுக்கட்டும்.

ஹேமர் ஸ்பிரிங்கை வெட்டி இளக்கச் சொல்பவர்கள் உண்டு. கேட்காதீர்கள். இந்தத் தோட்டாவில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் பொருள் விளிம்பு மடிப்புக்குள் இருக்கிறது. அந்த விளிம்பை நசுக்க நல்ல அடி வேண்டும். ஸ்பிரிங் இளகினால் பத்துக்கு இரண்டு வெடிக்காமல் நிற்கும். அப்போது தோட்டா சரியில்லை என்று தோட்டாவைத் திட்டுவீர்கள்.

ஒரு இடத்தை மட்டும் யாரும் தொடவே கூடாது. ஹேமரில் விசையின் (டிரிகர்) முனை உட்காரும் சிறு வெட்டு. சில வருஷங்களுக்கு முன் ஆஸ்திரேலியாவில் ஒரு சுடுதளத்தில் என் பக்கத்து மேடையில் ஒருவர் நின்றார். யாரோ ஒரு ‘டியூனிங்’ ஆசாமியிடம் பணம் கொடுத்து வெண்ணெய் மாதிரி ஆக்கிய லீவர் ரைஃபிள் அவர் கையில். ஐந்தாவது தோட்டாவோ ஆறாவதோ, லீவரை மூடினார். மூடிய சத்தமும் வெடித்த சத்தமும் ஒன்றாக வந்தன. அவருடைய விரல்கள் அத்தனையும் லீவர் வளையத்துக்குள் இருந்தன, விசைப் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. குழல் மண்மேட்டைப் பார்த்திருந்ததால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. பிரித்துப் பார்த்தால் அந்த வெட்டின் விளிம்பு உருண்டு வழுவழுப்பாக இருந்தது. அவர் முகம் வெளுத்துப்போனதை இன்னும் மறக்கவில்லை.

வெற்று விசை, அதாவது தோட்டா இல்லாமல் விசையை இழுப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தேசிய சேவை முடித்தவராக இருப்பீர்கள் என்பதால் சொல்கிறேன். சுட்டு முடித்து, காலி என்று சரிபார்த்ததும் விசையை இழுத்துக் காட்டும் பழக்கம் நம் ஆட்களின் விரலிலேயே ஊறிப்போயிருக்கும். நம் ராணுவ ரைஃபிளான எஸ்ஏஆர் 21இல் ஊசி தோட்டாவின் நடுவில் குத்துகிறது. தோட்டா இல்லாவிட்டால் வெற்று ஓட்டைக்குள் போய் நிற்கும். .22 ரிம்ஃபயரில் (விளிம்பில் அடித்து வெடிக்கும் வகை) ஊசி ஓரத்தில் குத்துகிறது. தோட்டா இல்லாவிட்டால் சேம்பர் வாயின் எஃகு விளிம்பில் போய் இடிக்கும். மீண்டும் மீண்டும் செய்தால் அங்கே பள்ளம் விழுந்து, உலோகம் சேம்பருக்குள் பிதுங்கும். அந்தப் பிதுக்கம் தோட்டாவைப் பிடித்துக்கொள்ளும், லீவரைத் திறக்கும்போது முதல் அசைவில் ஓர் இழுப்பு தெரியும். லீவரை அடித்துத் திறக்க வேண்டியிருந்தால் இதுவாகவும் இருக்கலாம். டார்ச் அடித்துச் சேம்பர் வாயைப் பாருங்கள்.

இதற்கு விதிவிலக்கு உண்டு. சில தயாரிப்பாளர்கள் ஊசி விளிம்பைத் தொடாமல் நிற்குமாறு அமைத்துவிட்டு, வெற்று விசை பரவாயில்லை என்று கையேட்டில் எழுதுகிறார்கள். சரிதான். ஆனால் அது அந்த ஊசிக்கு, அந்த மாடலுக்கு, ஊசி ஓடும் தடம் சுத்தமாக இருக்கும்வரைக்கும்தான். யாராவது ஊசியை மாற்றியிருந்தால் அந்த வரி செல்லாது. ஊசியை நிறுத்தும் முள் தேய்ந்திருந்தாலும் செல்லாது. மச்சானிடம் இருப்பது இரண்டாம் கை துப்பாக்கி என்றால், முந்தைய சொந்தக்காரர் என்ன செய்தார் என்று யாருக்குத் தெரியும்? சுட்ட கூட்டையே உள்ளே வைத்து இழுக்கலாமா என்று கேட்பார்கள். ஏற்கெனவே நசுங்கிய இடத்திலேயே ஊசி மறுபடி விழுந்தால் அது தாங்காது. பிளாஸ்டிக் பயிற்சித் தோட்டா வாங்கிக்கொள்ளுங்கள், அங்கேயே வாங்கி அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

கடைசியாக வீச்சின் நீளம். லீவர் என்பது கிணற்று ஏற்றம் மாதிரி. வீச்சைக் குறைத்தால் கனம் கூடும், அதே வேலையைக் குறைந்த தூரத்தில் செய்ய வேண்டியிருப்பதால். எப்படிக் குறைத்தாலும் போல்ட் பின்னால் போகும் தூரத்தைக் குறைக்க முடியாது. .22 லாங் ரைஃபிள் தோட்டாவின் முழு நீளம் சுமார் 25 மி.மீ. போல்ட் அதைத் தாண்டிப் பின்னால் போனால்தான் சுடாத தோட்டாவை வெளியே தள்ள முடியும், அடுத்ததைத் தூக்கிக்கொடுக்கவும் நேரம் கிடைக்கும். இரண்டு மி.மீ. குறைந்தாலும் இரண்டு தோட்டா ஒன்றன்மேல் ஒன்று சிக்கி நிற்கும். சுடுதளத்தில் ‘ஷார்ட் ஸ்ட்ரோக்’ என்றால் லீவரை முழுதாக ஓட்டாமல் பாதியில் திருப்பிய தப்பு. விற்பனையாளர் அதே சொல்லைப் பெருமையாக விற்கிறார்.

அந்த மாதிரி செட்கள் பெரும்பாலும் அமெரிக்கக் கவ்பாய் போட்டிகளுக்காக, வின்செஸ்டர் 1873 மாடல் வகைப் பெரிய தோட்டா ரைஃபிள்களுக்குச் செய்தவை. அங்கே இணைப்புக் கரங்களையும் தூக்கும் கரத்தையும் சேர்த்தே மாற்றுவார்கள். உங்கள் மச்சானுடைய .22க்கு அது பொருந்தாது. பொருந்துகிறது என்று ஒருவர் சொன்னால் அவர் உங்கள் துப்பாக்கியைக் கேட்டுக்கூடப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

குறுகிய வீச்சு உண்மையிலேயே வேண்டுமென்றால், பிறக்கும்போதே அப்படிப் பிறந்த துப்பாக்கி இருக்கிறது. பிரௌனிங் பிஎல்-22 என்று பெயர். 1969இல் வந்தது, ஜப்பானில் மிரோகு செய்கிறது. லீவர் 33 பாகைதான் சுழலும். உள்ளே பல்சக்கரம் இருப்பதால் குறைந்த வீச்சிலேயே போல்ட் முழுத் தூரம் ஓடுகிறது. விசையும் லீவரோடு சேர்ந்தே இறங்குகிறது, விரல் நடுவில் மாட்டிக்கொள்ளாது. ஆஸ்திரேலியாவில் 1996க்குப் பிறகு தானாக ஏறும் .22 ரைஃபிள்கள் பெரும்பாலோருக்குக் கிடைக்காமல் போனதும், லீவர் ரிம்ஃபயர் துப்பாக்கி உரிமத்தின் ‘ஏ’ பிரிவிலேயே தங்கியதும் நல்லதாயிற்று. மச்சான் அங்கே முறைப்படி அனுமதி வாங்கி இதை எடுக்கலாம். அந்தச் செட்டுக்கு வைத்திருக்கும் பணத்தை அதற்குக் கொடுத்து உதவுங்கள்.

திரும்பி வரும் நாளில் ஒன்று செய்யுங்கள். சுடுதளத்துக்குப் போட்டுப்போன கால்சட்டை, ஜாக்கெட், முதுகுப்பை மூன்றையும் தலைகீழாகக் கவிழ்த்து உதறுங்கள். .22 தோட்டா சிறியது, தையல் ஓரத்தில் போய் ஒளிந்துகொள்ளும். உதறியதோடு நிறுத்தாமல் பையின் மூலைவரை விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். துவைத்த துணியையும்தான்.