சேடிலை அரத்தில் தேய்க்கும் முன்

ஈசூன் தம்பி: அண்ணா, என் கிட்டாரில் கம்பியை அமுக்காமல் மீட்டும்போது சுருதி சரி. 12-ம் ஃபிரெட்டில் (கழுத்தில் பதித்த உலோகக் குறுக்குப்பட்டை) அமுக்கினால் பி கம்பி மட்டும் 4 சென்ட் (அரைச்சுரத்துக்கு 100 சென்ட்) ஏறுகிறதே?

அமுக்கினால் கம்பி இழுபடும், சுருதி ஏறும். அதை ஈடுகட்டத்தான் பிரிட்ஜில் (மேல்பலகையில் கம்பிகளைப் பிடித்திருக்கும் கட்டை) நிற்கும் அந்த வெள்ளைப் பட்டையை, அதாவது சேடிலை, கணக்குக்குச் சற்றுப் பின்தள்ளிச் சாய்வாக வைக்கிறார்கள். விறைப்பான கம்பிக்குக் கூடுதல் நீளம் வேண்டும். சிக்கல் என்னவென்றால், சாய்வு நேர்கோடு. கம்பிகளின் தேவை அப்படி இல்லை. எஃகுக் கம்பி கிட்டாரில் ஜி சுற்றுக்கம்பி, அதாவது ஓர் உள்ளிழைமேல் இன்னொரு கம்பி சுற்றியது; அந்த உள்ளிழை மெல்லியது. பி முழுக்க ஒரே எஃகு. அதனால் ஜி-யைவிட பி-க்கு நீளம் அதிகம் தேவை. பல சேடில்களில் பி-க்குக் கீழே மட்டும் முகடு (கம்பி உட்காரும் மேல்விளிம்பு) பின்தள்ளியிருப்பது இதற்குத்தான்.

ஜூரோங்கிலிருந்து: எனக்கு 15 சென்ட் ஏறுகிறது. சேடிலைச் செதுக்கினால் தீருமா?

தீராது. 645 மிமீ நீளக் கிட்டாரில் முகட்டை 1 மிமீ பின்தள்ளினால் 12-ம் ஃபிரெட்டில் குறைவது ஏறத்தாழ 2.7 சென்ட்தான். சேடிலின் தடிமனே 3 மிமீ சொச்சம். முன் ஓரத்திலிருந்து பின் ஓரம் வரை தள்ளினாலும் 8 சென்ட்டைத் தாண்டாது. முதலில் புதுக் கம்பி போடுங்கள், அப்புறம் கம்பியின் உயரத்தைப் பாருங்கள். நம் சிங்கப்பூர் ஈரப்பதத்தில் மேல்பலகை உப்பி பிரிட்ஜைத் தூக்கிவிடும். கம்பி உயர்ந்தால் அமுக்கும்போது இன்னும் இழுபடும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் சன்னலோரம் மாட்டிவைத்த கிட்டார் என்றால் எனக்குச் சந்தேகமே இல்லை. பெட்டிக்குள் 45–55 விழுக்காடு ஈரப்பதம் இருக்கட்டும்.

தேக்காவிலிருந்து: எலும்பு சேடில் போட்டால் சுருதி நிற்குமா?

ஒலியின் நிறம் மாறலாம். சுருதிக்குக் கம்பி எந்தப் புள்ளியில் சேடிலை விட்டுப் பிரிகிறது என்பதே கணக்கு. முகடு தட்டையாக இருந்தால் எலும்பானாலும் கம்பி இரையும்.

உட்லண்ட்ஸ் அக்கா: நைலான் கிட்டாரில் ஜி கம்பிதான் படுத்துகிறது.

அதில் தடித்த வெறும் கம்பி ஜி-தான் அக்கா. அங்கே முகட்டைப் பின்தள்ளச் சொல்லுங்கள்.

ஈசூன் தம்பி மறுபடியும்: உயரத்தை நானே குறைக்கலாமா?

அடிப்பக்கத்தைத் தேயுங்கள், மேலே கை வைக்காதீர்கள். 12-ம் ஃபிரெட்டில் 0.5 மிமீ இறங்க, சேடிலில் 1 மிமீ போக வேண்டும். முதல் முறை நான் ஆர்வத்தில் கூடுதலாகத் தேய்த்து, பழைய ஈஸி-லிங்க் பயண அட்டையை நறுக்கி அடியில் சொருகினேன். இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.