விமான ஆசனம் பற்றி மலையகத்திலிருந்து வந்த கேள்விகள்

வளைகுடா விமான நிலையமொன்றில் ஆசனங்களைப் பழுதுபார்க்கும் பட்டறையில் பல ஆண்டுகள் வேலை செய்துவிட்டு ஹட்டனுக்குத் திரும்பியிருக்கிறேன். நம் பக்கத்து மக்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

அண்ணா, இவ்வளவு மெல்லிய ஆசனம் விபத்தில் தாங்குமா? (தலவாக்கலை)

தாங்க வேண்டும் என்பதுதான் அதன் முதல் வேலை, சொகுசெல்லாம் பிறகு. முன்பு புவியீர்ப்பைப் போல 9 மடங்கு விசையைத் தாங்கினால் போதுமென்று இருந்தது. 1988இல் வந்த அமெரிக்க விதி அதை 16 மடங்காக்கியது. 77 கிலோ எடையுள்ள பொம்மையை உட்கார வைத்து, ஓடும் தளத்தில் மோதல் சோதனை செய்கிறார்கள். அதற்கு முன்பே தரையில் ஆசனத்தைப் பிடித்திருக்கும் தண்டவாளங்களில் ஒன்றை 10 பாகை சாய்த்து, மற்றதை 10 பாகை முறுக்கி வைத்துவிடுவார்கள். விபத்தில் விமானத்தின் தரை நெளியும் அல்லவா? அப்போதும் ஆசனம் பிடுங்கிக்கொண்டு வரக்கூடாது. அதனால் கால்களுக்கு உறுதி மட்டும் போதாது, கொழுந்துக் கூடையின் பிரம்பைப் போல வளைந்தும் கொடுக்க வேண்டும்.

ஜன்னலோரம் கேட்டு வாங்கினேன், சுவர்தான் கிடைத்தது. ஏன்? (பதுளை)

ஜன்னல்களின் இடத்தை விமானம் கட்டுபவர் முடிவு செய்கிறார், வரிசைகளின் இடைவெளியை விமான நிறுவனம் முடிவு செய்கிறது. சாதாரண வகுப்பில் அது பெரும்பாலும் 28 முதல் 32 அங்குலம். தண்டவாளத்தில் அங்குலத்துக்கு ஒரு துளை இருப்பதால் வரிசையை எளிதாக நகர்த்தலாம். அதனால் சில வரிசைகள் ஜன்னலுக்கு நேராக வராமல் சுவருக்கு நேராக வந்துவிடும். அந்தத் துளைகளில் பயணிகள் சிந்திய குளிர்பானம் பாகாக இறுகிக் கிடக்கும். பழைய பல்துலக்கியால் சுரண்டி எடுத்த பிறகே ஆசனத்தைப் பூட்டுவோம்.

இறங்கும்போது சாய்மனையை ஏன் நிமிர்த்தச் சொல்கிறார்கள்? (ஹப்புத்தளை)

பின்வரிசையில் இருப்பவர் தடையின்றி எழுந்து ஓடுவதற்காக. பாதி வாசல்கள் மூடியிருந்தாலும் 90 விநாடிகளில் எல்லோரும் வெளியேற முடியும் என்று காட்டினால்தான் பெரிய விமானங்களுக்கு அனுமதி.

அம்மாவுக்கு முழங்கால் வலி. நடைபாதைப் பக்கத்துக் கைப்பிடி தூக்க வரவில்லையே? (நுவரெலியா)

பல ஆசனங்களில் கைப்பிடியின் அடியில், பின்மூட்டுக்கு அருகே சிறிய பொத்தான் ஒன்று ஒளிந்திருக்கும். விரலால் தடவி அழுத்தினால் கைப்பிடி மேலெழும். கிடைக்காவிட்டால் பணிப்பெண்ணிடம் கேளுங்கள்.

தங்கை முதன்முறையாகக் கட்டாருக்குப் போகிறாள். என்ன சொல்லி அனுப்பலாம்? (மஸ்கெலியா)

ஆசனப் பட்டியைக் கழற்றப் பழக்கி அனுப்புங்கள். காரில் போலப் பொத்தான் தேடக்கூடாது, மேல்தகட்டைத் தூக்க வேண்டும். பட்டி வயிற்றின் மேல் அல்ல, இடுப்பெலும்பில் தாழ்வாக இறுகியிருக்க வேண்டும். நான் ஊர் திரும்பிய ஒரு பயணத்தில் பக்கத்தில் தோட்டத்துப் பெண் ஒருவர் இருந்தார். கட்டுநாயக்க நெருங்கும்போது, “தம்பி, இத கழட்டி விடுறீங்களா?” என்று மெல்லக் கேட்டார். கழற்றத் தெரியாமல், யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டு, நான்கு மணி நேரத்துக்கு மேல் கழிவறைக்குக்கூடப் போகாமல் இருந்திருக்கிறார். தங்கை ஆசனத்தில் அமர்ந்தவுடனே மூன்று தடவை போட்டுக் கழற்றிப் பார்க்கட்டும்.