கம்பியும் தோலும்: பார்சிலோனா ரும்பாவும் நம்ம ஊர் மேளமும்

போன இதழில் பிரான்ஸ் நாட்டு ஜிப்ஸி கிங்ஸ் இசைக்குழுவைப் பற்றி எழுதும்போது, அவர்கள் வாசிக்கும் ரும்பா என்ற தாளத்துக்குத் தாய்வீடு ஸ்பெயினில் இருக்கும் பார்சிலோனா என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் அதிகம். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை ரும்பாவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

"ரும்பா கியூபா நாட்டு இசை என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். அது எப்படிப் பார்சிலோனாவுக்குச் சொந்தமானது?"
– ஒரு வாசகர், திருமங்கலம்

இரண்டும் வேறு வேறு. கியூபாவின் ரும்பா, ஆப்பிரிக்க வழி வந்த மக்களின் மேளமும் பாட்டும். நான் சொன்னது கத்தலான் ரும்பா, அதாவது பார்சிலோனா இருக்கும் கத்தலோனியா பகுதியின் ரும்பா. பார்சிலோனாவில் தலைமுறை தலைமுறையாக வாழும் ஜிப்ஸி மக்களின் தெருக்களில் 1950-களில் உருவானது அது. கிராசியா, ஹோஸ்தாஃப்ராங்க்ஸ், ராவல் பகுதியில் இருக்கும் சேரா தெரு ஆகியவை அதன் பிறந்த இடங்கள். அந்த வீடுகளின் கல்யாணம் காட்சிகளில் தென் ஸ்பெயினின் ஃப்ளமெங்கோ இசை ஏற்கெனவே இருந்தது. ரேடியோவிலும் இசைத்தட்டிலும் கியூபாப் பாட்டும் மாம்போ என்ற ஆட்ட இசையும் வந்து சேர்ந்தன. பின்னாலேயே ராக் அண்ட் ரோல் வந்தது. அந்தத் தெருப் பையன்கள் எல்லாவற்றையும் ஒரே கிட்டாரில் போட்டு, நாலு எண்ணிக்கைத் தாளத்தில் அடித்தார்கள். ஃப்ளமெங்கோவில் 12 எண்ணிக்கைச் சுற்றுகள் உண்டு. புதிதாக வருகிறவர் அதில் தடுமாறிவிடுவார். ரும்பாவில் அந்தத் தொல்லை இல்லை.

கிராசியாவில் எல் பெஸ்கயிலா என்று அழைக்கப்பட்ட அன்டோனியோ கொன்சாலெஸ், மத்தாரோ ஊரில் 1935-ல் பிறந்த பெரெத் ஆகிய இந்த இருவரில் யார் முன்னோடி என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. கிராசியாக்காரர்கள் பெஸ்கயிலாவைத்தான் சொல்வார்கள். வீட்டுக்குள் இருந்ததை உலகத்துக்குக் கொண்டுபோனவர் பெரெத் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவருடைய 'பொர்ரிகீத்தோ' பாட்டு 1971-ல் ஐரோப்பாவில் பல நாடுகளில் ஓடியது. ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் 1974-ல் ஸ்பெயின் சார்பாகப் பாடியவரும் அவர்தான்.

"கிட்டாரையே மேளம் மாதிரி அடிக்கிறார்கள். வென்டிலடோர் என்று பெயர் போட்டிருக்கிறது. என்னுடைய சாதாரண கிட்டாரில் அது வருமா?"
– ஒரு கல்லூரி மாணவர், மதுரை

வரும் தம்பி. வென்டிலடோர் என்றால் ஸ்பானிய மொழியில் விசிறி, கை வீசுகிற வீச்சுக்கு வைத்த பெயர். முதலில் மணிக்கட்டைத் தளர விடுங்கள். விரல்களைச் சேர்த்து மேலிருந்து கீழே கம்பிகளை வருடி இறக்குங்கள். இறங்கிய கை அப்படியே உள்ளங்கையோடு கம்பிமேல் விழுந்து சத்தத்தை அடைக்க வேண்டும். அப்போது மரத்திலிருந்து ஒரு 'டக்' வரும். கையை எடுத்துவிடாமல், அங்கிருந்தே கீழிருந்து மேலே கம்பியை இழுத்துக்கொண்டு ஏறுங்கள். இறக்கம், அடைப்பு, ஏற்றம். இது சீராக வந்த பிறகு மேல்பலகையில் விரலால் தட்டுவதைச் சேர்த்துக்கொள்ளலாம். இடது கைக்கு ஏ மைனர் என்ற ஒரே கார்டு, அதாவது ஒரே சுரக்கூட்டு, போதும். கார்டு மாற்றுகிற அவசரத்தில்தான் பலருக்கு வலது கை கெட்டுப்போகிறது.

உங்களிடம் இருப்பது இரும்புக் கம்பி கிட்டார் என்றால் நகம் தேயும், ஓசையும் காதைக் குத்தும். நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டார் நல்லது. ஆனால் இரும்புக் கம்பிக்கென்று செய்த கிட்டாரில் நைலானை மாட்டிப் பார்க்க வேண்டாம், ஓசை எழும்பாது. ஃப்ளமெங்கோ கிட்டாரில் மேல்பலகை கீறாமல் இருக்க மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒட்டியிருப்பார்கள். கடையில் சொல்லி அப்படி ஒன்று ஒட்டிக்கொள்ளுங்கள். சிம்மக்கல் மாடியில் நான் பாடம் எடுக்கிற பழைய கிட்டாரில் ஓசைத்துளைக்குக் கீழே பாலிஷ் முழுக்கப் போய் வெள்ளை மரம் தெரிகிறது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. மெல்லிசைக் குழுக்களோடு ஊர் ஊராகச் சுற்றிய காலத்தில் கேட்ட தாளமெல்லாம் அந்த இடத்தில் இருக்கிறது. உங்கள் கிட்டார் புதிது, காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

"என் அப்பா நையாண்டி மேளத்தில் உறுமி வாசித்தவர். அண்ணன் பம்பை. பத்தாவது படிக்கிற என் மகன் காதில் போனை மாட்டிக்கொண்டு திரிகிறான். பார்சிலோனாவில் எப்படி மூன்று தலைமுறையாக விடாமல் வைத்திருக்கிறார்கள்? நமக்கு மட்டும் ஏன் நழுவிப் போகிறது?"
– ஒரு வாசகி, உசிலம்பட்டி

சகோதரி, உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். இந்த மாதப் பத்தியே உங்களுக்காகத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கேயும் நழுவத்தான் செய்தது. பெஸ்கயிலாவின் மனைவி லோலா ஃப்ளோரெஸ், ஸ்பெயின் முழுக்கப் பெயர் பெற்ற பாடகி. லோலீத்தா, அன்டோனியோ, ரொசாரியோ என்று பிள்ளைகள் மூவருமே பாடினார்கள். பேத்தி ஆல்பா ஃப்ளோரெஸை உங்கள் மகனுக்கே தெரிந்திருக்கும். 'மணி ஹெய்ஸ்ட்' தொடரில் நைரோபியாக வந்தவர். உலகம் அவரை நடிகையாகத்தான் அறியும். ஆகவே ரத்தத்தில் இருக்கிறது, தானாக வந்துவிடும் என்பதை நான் நம்புவதில்லை. பெரெத் கூட 1980-களின் தொடக்கத்தில் மேடையை விட்டுவிட்டுக் கிறிஸ்தவ சபை ஒன்றில் போதகராகப் போனார். அந்த ஆண்டுகளில் ரும்பாவுக்குப் புது உயிர் கொடுத்தவர் காட்டோ பெரெஸ். அர்ஜென்டினாவில், போனஸ் அயர்ஸ் நகரத்தில் பிறந்தவர், ஜிப்ஸி அல்ல. பார்சிலோனாவின் அன்றாட வாழ்க்கையை வைத்துப் புதுப் பாட்டு எழுதினார். 1990-ல், 40 வயதைத் தொடும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அப்புறம் பெரெத் திரும்பி வந்தார். 1992 பார்சிலோனா ஒலிம்பிக் நிறைவு விழாவில் அவரும் மற்ற ரும்பாக் குழுக்களும் வாசிக்க, விளையாட்டு வீரர்கள் கூட்டம் கூட்டமாக மேடை ஏறி ஆடினார்கள்.

சரி, மேடை இல்லாத காலத்தில் எது தாங்கிப் பிடித்தது? கைத்தட்டல் என்பேன். அதை அங்கே பால்மாஸ் என்கிறார்கள். நாம் கலைஞரைப் பாராட்டத் தட்டுகிற கைத்தட்டல் இல்லை அது, ஒரு வாத்தியம். உள்ளங்கை இரண்டையும் குழித்துத் தட்டினால் அடங்கிய ஓசை. விரல்களை மறு உள்ளங்கையில் அடித்தால் கணீரென்ற ஓசை. ஒருவர் தாளத்தின்மேல் தட்டுவார், இன்னொருவர் இடைவெளியில் தட்டுவார். சற்றுப் பிசகினாலும் கிட்டார்க்காரர் திரும்பிப் பார்ப்பார். ரும்பா வீட்டுக் குழந்தை கிட்டாரைத் தொடுவதற்கு வெகு காலம் முன்பே, கல்யாணத்திலும் ஞானஸ்நானத்திலும் பெரியவர்களுக்கு நடுவில் நின்று இதைத் தட்டிவிடுகிறது. அதற்கு அங்கே நிற்க ஓர் இடம் இருக்கிறது, செய்ய ஒரு வேலை இருக்கிறது. விரல் ஓடாத தாத்தாவுக்கும் அதே இடம்தான், அதே வேலைதான்.

நம்மிடமும் அந்த இடம் இருந்தது. நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுகிறவரும் தாளம் போடுகிறவரும் பெரும்பாலும் யார்? வித்வான் வீட்டுப் பையன், இல்லையென்றால் சிஷ்யப் பிள்ளை. ஒரே சுருதியை மணிக்கணக்காகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். வேறெதுவும் செய்ய மாட்டான். ஆனால் ஆலாபனையும் தவில் சொல்லும் இரவெல்லாம் அவன் காதுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். சுருதிப் பெட்டி வந்தது, ஒத்து போனது, கூடவே அந்தப் பையன் உட்கார்ந்த இடமும் போனது. சினிமாப் பாட்டு வந்து கெடுத்தது, டி.ஜே. வந்து கெடுத்தது என்று பலரும் சொல்கிறார்கள். அதைவிடப் பெரிய இழப்பு இது என்று நான் நினைக்கிறேன்.

அதனால் உங்கள் மகன் கையில் உறுமியைத் திணிக்காதீர்கள். அண்ணன் அடுத்த முளைப்பாரிக்கோ மாசித் திருவிழாவுக்கோ மேளம் கொண்டுபோகும்போது ஜால்ராவைக் கொடுத்து அவனையும் கூட்டிப் போகச் சொல்லுங்கள். அன்றைக்கு வந்த காசில் அவனுக்கும் ஒரு பங்கு, சின்னதாக இருந்தாலும், மாமன் கையாலேயே கொடுக்கட்டும். ரும்பாவும் காசு பார்த்த இசைதான். விருந்து, விடுதி, இசைத்தட்டு என்று அந்தக் குடும்பங்களுக்குச் சோறு போட்டது. பணம் வராத தொழிலைப் பையன் தலையில் கட்டுவது நியாயமும் இல்லை.

போனையும் பிடுங்க வேண்டாம். அப்பா உடம்போடு இருக்கிறார் என்றால், ஒவ்வோர் அடியையும் பெயர் சொல்லி வாசிக்கச் சொல்லி, பேரனைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். உறுமியின் இடப்பக்கத் தோலில் வளைந்த குச்சியை எவ்வளவு அழுத்தித் தேய்க்க வேண்டும் என்பது பதிவில் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள அவனே தாத்தா பக்கத்தில் போய் உட்காருவான், பாருங்கள்.

"ஜிப்ஸிகள் இந்தியாவிலிருந்து போனவர்கள் என்கிறார்கள். அப்படியானால் ரும்பாவும் நம் இசைதானே?"
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருப்பரங்குன்றம்

ஐயா, அவர்களின் முன்னோர் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து கிளம்பியவர்கள் என்பதற்கு அவர்களின் மொழியே சான்று. பார்சிலோனாவுக்கு அவர்கள் வந்தது 1447-ல் பதிவாகியிருக்கிறது. ஆனால் அதற்கப்புறம் அவர்கள் பட்டது கொஞ்சமல்ல. 1499-ல் ஊர் சுற்றக் கூடாது என்று அரச ஆணை, 1749-ல் ஸ்பெயின் முழுக்க ஒட்டுமொத்தக் கைது. அத்தனையும் தாங்கி, அந்த ஊரில் அந்த மக்கள் உண்டாக்கிய இசை ரும்பா. அதன் பெருமை முழுவதும் அவர்களுக்கே போகட்டும் என்பது என் எண்ணம். நமக்குக் கேட்டு மகிழ உரிமை உண்டு, அது போதும்.

"எங்கள் கல்லூரி விழாவில் ரும்பா கிட்டாரோடு நையாண்டி மேளத்தைச் சேர்த்து வாசிக்க ஆசை. பெரியவர்கள் திட்டுவார்களா?"
– ஒரு மாணவி, மேலூர்

தாராளமாகச் செய்யம்மா. சேர்த்துச் சேர்த்துத்தான் ரும்பாவே வந்தது. பிரான்ஸ் பக்கத்து ஜிப்ஸி கிங்ஸ் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான சிக்கோ, வட ஆப்பிரிக்கப் பெற்றோருக்குப் பிறந்து, அந்தக் குழுவின் ஜிப்ஸிக் குடும்பமான ரெயெஸ் குடும்பத்தில் பெண் எடுத்தவர். பார்சிலோனாவின் ஓஹோஸ் தே புரூஹோ குழு ஹிப் ஹாப்பைக் கொண்டுவந்து சேர்த்தது. கிராசியாவின் சபோர் தே கிராசியா, கத்தலான் மொழியிலேயே பாடுகிறது. மூன்றையும் கேட்டுவிட்டு ஒத்திகையைத் தொடங்கு.

ஒன்றிரண்டு விஷயங்கள் மட்டும். உறுமி முழங்கினால் நைலான் கிட்டார் காணாமல் போய்விடும். கிட்டாருக்கும் கைத்தட்டுகிறவர்களுக்கும் தனித்தனி மைக் கேட்டு வாங்கு. தவிலுக்கு மைக்கே வேண்டாம். மேளக்காரர்களை விழா அன்றைக்கு நேராக மேடைக்குக் கூப்பிடாமல், முன்கூட்டியே ஒரு நாள் வரவழைத்து, அவர்கள் அடிக்கிற நடையைக் கேட்டு அதற்குக் கிட்டாரைப் பொருத்து. பேசிய தொகையை மேடை ஏறும் முன்பே கொடுத்துவிடு. அறிவிப்பில் 'மற்றும் குழுவினர்' என்று முடிக்காமல் உறுமி, பம்பை, தவில், நாதஸ்வரம் என்று ஒவ்வொருவர் பெயரையும் சொல்ல வை. பெயர்களைத் தாளில் எழுதி அறிவிப்பாளர் கையில் கொடுத்துவிடு.