அம்மாவின் மூட்டுவலிக்குக் கஞ்சா எண்ணெய் கொடுக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 63. இதய வால்வு மாற்றியதிலிருந்து, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். மூட்டுவலிக்காக, நண்பர் ஆன்லைனில் வாங்கித் தந்த கஞ்சா எண்ணெயை ஒரு வாரமாக நாக்கடியில் விட்டு வருகிறேன். போதை ஏறாதாம். தொடரலாமா? எங்கள் டாக்டரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

பதில்: எண்ணெயை இன்றே நிறுத்துங்கள். ஆனால் வார்ஃபரினை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. நாளைக் காலையே, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் பி.டி. ஐ.என்.ஆர். பரிசோதனையைச் செய்துவிடுங்கள். ஈறில் ரத்தம், கருப்பாக மலம், காரணமில்லாமல் தோலில் நீல ரத்தக்கட்டு, திடீர்த் தலைவலி, இதில் எது இருந்தாலும் காலை வரை காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கஞ்சாச் செடியில் கன்னாபினாய்டுகள் என்ற வேதிப்பொருள்கள் நூற்றுக்கும் மேல் இருந்தாலும் நமக்கு முக்கியமானவை இரண்டு. போதை தருவது டி.எச்.சி., தராதது சி.பி.டி. மூளையில் டி.எச்.சி. போய் ஒட்டும் அதே இடத்தில் ஒட்டுகிற ஒரு பொருளை நம் உடலே சுரக்கிறது என்று 1992-இல் கண்டுபிடித்து, 'ஆனந்த' என்ற சொல்லை வைத்தே அதற்கு ஆனந்தமைடு என்று பெயரிட்டார்கள். அதனால் இந்தச் செடி உடலில் வேலை செய்வது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. குழந்தைகளுக்கு வரும் சில கடுமையான வலிப்பு நோய்களுக்குச் சுத்திகரித்த சி.பி.டி. மருந்தை அமெரிக்கா 2018-இல் அங்கீகரித்தது. கீமோதெரபி வாந்திக்கு டி.எச்.சி. வகை மாத்திரைகள் 1985-இலிருந்தே அங்கே இருக்கின்றன.

மூட்டுவலி விஷயம் அப்படியில்லை. வலிக்குக் கன்னாபினாய்டுகளைப் பரிந்துரைக்கும் அளவுக்கு ஆதாரம் போதவில்லை என்று வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 2021-இல் சொல்லிவிட்டது.

போதை ஏறாது என்பதால் பத்திரம் என்று நினைத்துவிட்டீர்கள், தவறு அங்கேதான். வார்ஃபரினை உடைத்து வெளியேற்றுகிற கல்லீரல் நொதிகளை சி.பி.டி. தடுக்கிறது, அம்மா அதே மாத்திரையை அதே அளவில் சாப்பிட்டாலும் ரத்தத்தில் அது தேங்கி, கசிவு வரும் அளவுக்கு ரத்தம் நீர்த்துவிடலாம். எண்ணெயை நிறுத்திய பிறகு அளவு மறுபடி மாறும் என்பதால் அடுத்த சில வாரங்களும் ஐ.என்.ஆர். அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும். பாட்டிலில் டி.எச்.சி.யும் கலந்திருந்தால், எழுந்து நிற்கும்போது கிறுகிறுப்பு வரலாம். வார்ஃபரின் சாப்பிடுபவர் விழுந்து தலையில் அடிபடுவதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

அப்புறம், லேபிளைப் படியுங்கள். வெறும் கஞ்சா விதை எண்ணெய் என்றால் அது சமையல் எண்ணெய் மாதிரிதான், வலிக்கு ஒன்றும் செய்யாது.

மூட்டுக்குத் தொடைத் தசைப் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள், நிஜமாகவே பலன் தரும். மெடிக்கலில் டைக்ளோபினாக் என்ற வலி மாத்திரையை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், வார்ஃபரினோடு அதுவும் ஆபத்து. பாராசிட்டமாலைக்கூட தினமும் கொடுப்பதாக இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

கூச்சம் வேண்டாம். அந்தப் பாட்டிலையே கையோடு எடுத்துப்போய் டாக்டர் மேஜையில் வையுங்கள். எத்தனை சொட்டு, எத்தனை நாள் என்று மட்டும் சரியாகச் சொல்லுங்கள், அவருக்கு வேண்டியது அதுதான்.