ஊசி குத்திவிட்டால் எச்.ஐ.வி. தொற்று உறுதியா?

பினாங்கில் தாதியர் பயிற்சி பெறும் நீங்கள், எச்.ஐ.வி. உள்ள நோயாளிக்குப் பயன்படுத்திய ஊசி விரலில் குத்தினால் தொற்று உறுதியா என்றும், எச்.ஐ.வி.யும் எய்ட்ஸும் ஒன்றா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் ஒன்றல்ல. எச்.ஐ.வி. என்பது சிடி4 வெள்ளணுக்களுக்குள் புகுந்து பெருகும் வைரஸ். சிகிச்சையின்றி அவ்வணுக்கள் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 200க்கும் கீழே குறையும்போதோ, எதிர்ப்பாற்றல் நலிந்தவரை மட்டுமே தாக்கும் சில தொற்றுகள் தலைகாட்டும்போதோதான் அந்நிலை எய்ட்ஸ் எனப்படுகிறது.

ஊசிக் குத்தைப் பொறுத்தவரை, அச்சம்தான் பெரிது. தொற்றுள்ள இரத்தம் பட்ட ஊசியால் குத்துப்பட்ட ஆயிரம் பேரில் ஏறத்தாழ 3 பேருக்கே தொற்று ஏற்படுகிறது. துளையுள்ள ஊசி, ஆழமான குத்து, நோயாளியின் இரத்தத்தில் மிகுந்த வைரஸ் அளவு ஆகியவை இதைக் கூட்டும். (தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைட்டிஸ் பி தொற்றும் வாய்ப்பு இதைவிடப் பல மடங்கு, அதைப் பலர் நினைப்பதே இல்லை.) விரலைப் பிசைந்து இரத்தத்தைப் பிழியாமல், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவி, வார்டுப் பொறுப்பாளரிடம் உடனே தெரிவியுங்கள். ஏசுவார்களோ என்று மறைத்து ஓர் இரவைக் கடத்திவிடாதீர்கள். ஏனெனில் தடுப்பு மருந்தை 72 மணி நேரத்திற்குள், இயன்றால் முதல் சில மணி நேரத்திலேயே தொடங்கி, 28 நாள் விடாமல் உட்கொள்ள வேண்டும்.

அன்றே எடுக்கும் பரிசோதனை உங்கள் முந்தைய நிலையை மட்டுமே காட்டும். புதிய தொற்று தென்படச் சில வாரங்கள் ஆகும் என்பதால் மறுபரிசோதனைகளைத் தவறவிடக் கூடாது.